மலை ஏறும்போது வேன் மூச்சு வாங்குதா? பவரைக் கூட்டும் முன் இதைப் படிங்க!

சீசன் வந்துவிட்டால் மேட்டுப்பாளையம் தாண்டி கல்லாறு வரை வேன்கள் எறும்பு வரிசைபோல நிற்கும். சென்னை, திருச்சி, மதுரை என்று எல்லா ஊர்ப் பதிவு எண்களும் அதில் இருக்கும். உள்ளே பதினான்கு பேர், மடியில் இரண்டு குழந்தைகள், கூரையில் பெட்டிகள், கடைசி சீட்டுக்கு அடியில் புளியோதரை டப்பா. முதல் கொண்டை ஊசி வளைவில் வண்டி திணறும். பின்னால் இருந்து ஒரு சித்தப்பா குரல் கொடுப்பார்: "என்ன தம்பி, வண்டில பவர் பத்தலையா?"

அந்தக் கேள்வி ஓட்டுநரின் மனதில் தைத்துவிடும். வேன் அவருடைய சொந்த வேனாக, கடனில் வாங்கியதாக இருந்தால் இன்னும் ஆழமாகத் தைக்கும். ஊர் திரும்பியதும் யாரோ ஒரு நண்பர் சொல்வார்: "ஒரு சின்ன பாக்ஸ்தான் மாப்ள. இன்ஜின்ல மாட்டிட்டா முப்பது ஹெச்.பி. கூடும். மைலேஜும் கூடும்." ஏற்றத்தில் சிட்டாகப் பறக்கும் ஒரு வேனின் வீடியோவையும் காட்டுவார்.

டர்போ டீசல் இன்ஜினில் பவரைக் கூட்ட முடியுமா? முடியும், அதில் பொய் ஏதுமில்லை. ஆனால், நம் சுற்றுலா வேன்களுக்கு அது தேவையா என்று கேட்டால், காகிதமும் பேனாவும் எடுத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

ஒரு வேன் மலை ஏற எத்தனை குதிரை வேண்டும்?

ஆட்களும் மூட்டைகளும் சேர்ந்து நான்கு டன் எடையுள்ள ஒரு வேன். 100 மீட்டர் போனால் 8 மீட்டர் உயரும் ஏற்றம். இது நல்ல செங்குத்தான மலைப்பாதைதான். அதில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, சக்கரத்தில் ஏறத்தாழ 40 குதிரைத்திறன் போதும். கியர்பாக்ஸில் வீணாவது, ஏ.சி. தின்பது எல்லாம் சேர்த்தாலும் 50, 55-ஐ ஒட்டித்தான் வரும். வளைவுக்கு வளைவு திரும்பும் மலைப்பாதையில் 30-க்கு மேல் போக யாருக்கு ஆசை?

இப்போது வேனைப் பாருங்கள். நம் ஊரில் அதிகம் ஓடும் டெம்போ டிராவலரின் 2.6 லிட்டர் காமன் ரயில் இன்ஜின் 115 குதிரைத்திறன் கொண்டது. தேவையைப்போல இரண்டு மடங்கு! சமதரையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போக இதைவிடவும் குறைவாகவே செலவாகும். பயணிகள் வேனில் 80-க்கு மேல் போகவிடாத வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் இருக்கிறது. ஆக, கூடுதல் குதிரைகளைக் கட்டி ஓட்ட இடமும் இல்லை.

பிறகு ஏன் வண்டி திணறுகிறது? பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, இருக்கிற பவரை சரியான கியரில் எடுக்கத் தெரியவில்லை. இரண்டு, கம்பெனி கொடுத்த பவர் வழியிலேயே எங்கோ ஒழுகிக்கொண்டிருக்கிறது.

கிணறும் குடமும்

டீசல் வேன்களைப் பற்றிப் பேசும்போது இரண்டு சொற்கள் மாறி மாறி வரும். டார்க் எனப்படும் முறுக்குவிசை, ஹெச்.பி. எனப்படும் குதிரைத்திறன். கிணற்றில் தண்ணீர் இறைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு பெரிய குடத்தை இழுக்க முடிகிறது என்பது முறுக்குவிசை. ஒரு மணி நேரத்தில் மொத்தம் எவ்வளவு தண்ணீர் மேலே வருகிறது என்பது குதிரைத்திறன். பெரிய குடமாக இருந்தாலும் ஆடி அசைந்து இழுத்தால் தொட்டி நிரம்பாது.

மேலே சொன்ன இன்ஜினின் முழு முறுக்குவிசை 350 நியூட்டன் மீட்டர். அது கிடைப்பது நிமிடத்துக்கு 1,400 முதல் 2,200 சுற்றுகளுக்குள். 1,800 சுற்றில் ஓட்டினால் ஏறத்தாழ 88 குதிரை கையில் இருக்கும். "டீசல் மிச்சம்" என்று மூன்றாவது கியரிலேயே பிடிவாதமாக இருந்து, சுற்று 1,000-க்கு இறங்கிவிட்டால் அதில் பாதிகூட இருக்காது. வண்டி உதறும், கரும்புகை தள்ளும், சித்தப்பா குரல் கொடுப்பார். வளைவுக்கு முன்பே கியரை ஒன்று குறைத்திருந்தால், எந்தப் பெட்டியும் தராத பவரை ஒரு கைப்பிடி அசைவு தந்திருக்கும்.

சுற்று குறைந்தால் இழுவை ஏன் இப்படி விழுகிறது என்பதற்குப் பதில் டர்போவில் இருக்கிறது.

வீணாகும் புகையில் ஒரு விசிறி

இன்ஜினுக்குள் எவ்வளவு டீசலை எரிக்கலாம் என்பதை அங்கே இருக்கும் காற்றுதான் முடிவு செய்கிறது. விறகு அடுப்பை ஊதுகுழலால் ஊதுவது எதற்கு? அதே காரணம்தான். சைலன்சர் வழியாக வீணாகப் போகும் சூடான புகையைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சில் இருக்கும் இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி உள்ளே தள்ளினால் என்ன என்று யோசித்தவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி. 1905-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். இன்று எந்த டீசல் வேனின் பானெட்டைத் திறந்தாலும் அவருடைய யோசனை நத்தை ஓடு வடிவத்தில் உட்கார்ந்திருக்கும்.

புகை வேகமாக வந்தால்தான் டர்போ வேகமாகச் சுற்றும். அதனால்தான் குறைந்த சுற்றில் அது தூங்குகிறது. விழித்துக்கொண்டாலோ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளைத் தாண்டும். அந்த வேகத்தில் அதன் அச்சைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே.

காற்றை அழுத்தினால் சூடேறும். சைக்கிள் பம்ப்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 30 டிகிரி காற்றை டர்போ இரண்டு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோகும்போது அது 120 டிகிரியை ஒட்டிப் போய்விடும். சூடான காற்று விரிந்து மெலிந்துவிடும் என்பதால், ரேடியேட்டர்போல ஒரு இன்டர்கூலர் வைத்து அதைக் குளிர்விக்கிறார்கள். 60 டிகிரிக்கு இறக்கினாலே அதே இடத்தில் ஐந்தில் ஒரு பங்கு காற்றை அதிகமாகத் திணிக்கலாம். இந்த இன்டர்கூலருக்குப் போய்வரும் ரப்பர் ஹோஸ் இருக்கிறதே, வேன் வைத்திருப்பவர்கள் அதன்மீது ஒரு கண் வைக்க வேண்டும்.

பவர் எங்கே ஒழுகுகிறது?

அந்த ஹோஸில் ஒரு சின்ன விரிசல் போதும். கிளிப் தளர்ந்திருந்தாலும் போதும். டர்போ கஷ்டப்பட்டு அழுத்திய காற்று வெளியே போய்விடும். ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம், பின்னால் கரும்புகை, "வண்டில பிக்கப் இல்ல" என்ற புலம்பல். மூன்றும் ஒன்றாக வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்த ஹோஸைத்தான். பானெட்டுக்குள் எண்ணெய்ப் பசை படிந்த ஒரு கோடு இருந்தால், பெரும்பாலும் விரிசல் அங்கேதான். ஒரு ஹோஸும் கிளிப்பும் மாற்றுவது பட்டறையில் சின்ன வேலை.

அடுத்தது ஏர் ஃபில்டர். செம்மண் சாலைகளிலும் குவாரிப் பக்கமும் ஓடும் வேனின் ஃபில்டர், கம்பெனி சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே அடைத்துக்கொள்ளும். டீசல் ஃபில்டரில் தண்ணீர் தேங்கினாலும் இழுவை போகும். கண்ட இடத்தில் கேனில் வாங்கி ஊற்றும் கலப்பட டீசல் இன்ஜெக்டர்களை அரித்துவிடும். காமன் ரயில் இன்ஜினில் டீசல் 1,000 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில், மிக மெல்லிய துளைகளில் பீய்ச்சப்படுகிறது. அங்கே தூசிக்கும் தண்ணீருக்கும் மன்னிப்பே கிடையாது.

ஈ.ஜி.ஆர். வால்வு என்று ஒன்று உண்டு. நச்சு வாயுவைக் குறைப்பதற்காகப் புகையில் ஒரு பகுதியை மறுபடியும் இன்ஜினுக்குள் விடுவது அதன் வேலை. கரி படிந்து அது திறந்த நிலையிலேயே ஒட்டிக்கொண்டால் நல்ல காற்றுக்கு இடமிருக்காது. கழற்றிச் சுத்தம் செய்தாலே வண்டி பழைய குரலில் பேசும். அதை நிரந்தரமாக அடைத்துவிடச் சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். பி.எஸ். 6 வண்டிகளில் கரித்துகள் வடிகட்டி அடைத்துக்கொண்டாலும் இன்ஜின் தன்னைத்தானே காத்துக்கொள்ளப் பவரைக் குறைத்துவிடும். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தால் அது அலங்காரத்துக்கு அல்ல.

சில நேரம் இன்ஜின்மீது பழியே இருக்காது. நன்றாக ஓட்டி வந்த பிறகு நான்கு சக்கரங்களின் பக்கமும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒரு சக்கரம் மட்டும் அனலாகக் கொதித்தால், அங்கே பிரேக் பிடித்தபடியே ஓடுகிறது என்று அர்த்தம். டயரில் காற்று குறைவு, வழுக்கும் கிளட்ச், கூரையில் பெட்டி மூட்டை... இவையெல்லாம் குதிரைகளைத் தின்பவையே. பதினான்கு பேர் வண்டியில் இருபது பேரை ஏற்றிவிட்டு இன்ஜினைத் திட்டுவது என்ன நியாயம்?

அந்தப் பெட்டி என்னதான் செய்கிறது?

பழைய காலத்து டீசல் வண்டிகளில் பம்ப்பில் ஒரு ஸ்குரூவைத் திருகினால் டீசல் கூடுதலாகப் போகும். இழுவையும் கூடும், கரும்புகையும் கூடும். இன்றைய வண்டிகளில் எவ்வளவு டீசல், எந்த நொடியில், டர்போ எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதையெல்லாம் இன்ஜினின் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது.

மாட்டிவிடும் பெட்டிகளில் பெரும்பாலானவை அந்தக் கம்ப்யூட்டரிடம் பொய் சொல்கின்றன. டீசல் அழுத்தம் உண்மையில் இருப்பதைவிடக் குறைவாக இருப்பதாகக் காட்டும். கம்ப்யூட்டரும் அதை நம்பி அழுத்தத்தைக் கூட்டும். கூடுதல் டீசல் உள்ளே போகும். ரீமேப் என்பது இன்னொரு வகை. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கணக்குகளையே மாற்றி எழுதுவது. தெரிந்தவர் கையில் இது பெட்டியைவிட நேர்த்தியான வேலைதான்.

கம்பெனிக்காரர்களே கொஞ்சம் பவரை ஒதுக்கி வைத்துத்தான் விற்கிறார்கள் என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஐரோப்பாவில் ஃபோக்ஸ்வாகன் டிரான்ஸ்போர்ட்டர் வேனின் 2 லிட்டர் டீசல் இன்ஜினை ஒரு காலத்தில் 84, 102, 140, 180 குதிரைத்திறன் என நான்கு விதமாக விற்றார்கள். ரீமேப் கடைகள் அங்கே பெருகியதற்கு இப்படிப்பட்ட வேன்களும் ஒரு காரணம். ஆனால் 140-ஐ விற்றபோது ஐந்து கியர் பெட்டிக்குப் பதில் ஆறு கியர் பெட்டி வைத்தார்கள். 180-க்கு இரண்டு டர்போ வைத்தார்கள். நம் பட்டறையில் மாட்டும் பெட்டியோடு கியர்பாக்ஸும் கிளட்சும் கூடவே வருவதில்லை.

அந்த ஒதுக்கீடும் சும்மா வைத்ததல்ல. கூடுதல் டீசல் என்றால் கூடுதல் சூடு. முழு மூச்சில் ஏறும்போது வெளியேறும் புகை ஏற்கெனவே 700 டிகிரியைத் தொடக்கூடியது. பிஸ்டன் அலுமினியக் கலவை. அடியில் இருந்து எண்ணெய் பீய்ச்சிக் குளிர்விப்பதால்தான் பல இன்ஜின்களில் அது உருகாமல் தப்பிக்கிறது. சொந்தக் கார் வைத்திருப்பவர் முழு பவரையும் ஒரு லாரியை முந்தும் பத்து நொடிக்குத்தான் கேட்பார். சுற்றுலா வேன் மலையில் ஒன்றரை மணி நேரம் தொடர்ந்து கேட்கும். வீடியோவில் பறந்த வண்டியில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்று பார்த்தீர்களா?

ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் சென்னையில் இருப்பதைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. மெலிந்த காற்றில் அதே அழுத்தத்தைக் கொண்டுவர டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். எல்லை மீறாமல் இருக்க, கம்பெனியின் கணக்கு உயரத்துக்குத் தகுந்தபடி பவரைக் கொஞ்சம் அடக்கும். பவர் கூடுவதற்காக அந்த அடக்கத்தை எடுத்துவிட்டால், டர்போ தன் எல்லையைத் தாண்டிச் சுற்றும் இடம் சமவெளியாக இருக்காது. மலை உச்சியில், குடும்பத்தோடு, மழையில் இருக்கும்.

காகிதங்கள் என்ன சொல்கின்றன?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் திருத்திய 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். வாடகை வேனுக்கு முதல் எட்டு வருடங்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்குப் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். புகை கறுத்தால் அங்கேயும் சிக்கல். வாரன்டி இருக்கும் வண்டியில் கைவைத்தால், பிறகு இன்ஜின் போனாலும் கம்பெனி கைவிரிக்க ஒரு காரணம் கிடைத்துவிடும்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது இன்ஷூரன்ஸ். சொல்லாமல் செய்த மாற்றம் ஒன்று, விபத்துக்குப் பிறகு நடக்கும் ஆய்வில் வெளியே வந்தால், உரிமையாளரின் கோரிக்கை இழுபறியாகும். கடன் தவணை ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வீட்டில், வண்டி பட்டறையில் ஆறு மாதம் நின்றால் என்ன ஆகும் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. முப்பது ஹெச்.பி.க்கு அது ரொம்பப் பெரிய விலை.

அதனால் என் கருத்து இதுதான். சொந்த உபயோகத்துக்கான வண்டி வைத்திருப்பவர் சட்டத்தையும் செலவையும் தெரிந்துகொண்டு யோசிக்கட்டும். ஆட்களை ஏற்றும் வேனில் அந்தப் பெட்டி வேண்டாம். அந்தப் பணத்தில் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, ஹோஸ், ஃபில்டர், வால்வு, கிளட்ச் எல்லாவற்றையும் சரிசெய்து, நல்ல இன்ஜின் ஆயில் மாற்றி, மிச்சத்தில் பிரேக் லைனிங் மாற்றுங்கள். இன்னும் பெரிய பவர்தான் தேவை என்றால், அடுத்த வண்டி வாங்கும்போது பெரிய இன்ஜினாகப் பார்த்து வாங்குவதுதான் வழி.

ஏறியவர் இறங்க வேண்டாமா?

பிரேக் லைனிங் எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? மேட்டுப்பாளையம் கடல் மட்டத்தில் இருந்து 300 சொச்சம் மீட்டர். குன்னூர் 1,850 மீட்டர். நான்கு டன் வேனை அந்த உயரத்துக்கு ஏற்றியதில் சேர்ந்த ஆற்றல் முழுவதும் இறங்கும்போது சூடாக மாறித்தான் தீர வேண்டும். எவ்வளவு சூடு தெரியுமா? 200 லிட்டர் டிரம் நிறைய தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அதில் ஒரு பகுதியைக் காற்றும் இன்ஜினும் வாங்கிக்கொள்ளும். மீதி முழுவதும் பிரேக்கின் தலையில்தான்.

ஏற்றத்துக்குப் பவர் கூட்டும் எந்தப் பெட்டியும் இறக்கத்தில் ஒரு துளியும் உதவாது. அங்கே உதவுவது கியர் மட்டும். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று பழைய டிரைவர்கள் சொல்வதை அப்படியே பிடித்துக்கொள்ளலாம். நியூட்ரலில் உருட்டி டீசல் மிச்சம் பிடிப்பவரின் வண்டியில் ஏறவே ஏறாதீர்கள். இறங்கும் வழியில் கருகிய ரப்பர் போன்ற நெடி வந்தால் அது பிரேக் லைனிங். கூச்சப்படாமல் நிறுத்தச் சொல்லுங்கள். அரை மணி நேரம் ஆறட்டும். கொதிக்கும் டிரம்மில் தண்ணீர் ஊற்றவும் கூடாது, வெடிப்பு விழும்.

வேனை வாடகைக்குப் பேசும்போது ஏ.சி. இருக்கா, பாட்டு இருக்கா, சீட் சாயுமா என்று கேட்கிறோம். எஃப்.சி. தேதி என்ன, பிரேக் எப்போது பார்த்தது என்றும் சேர்த்துக் கேளுங்கள். நல்ல ஓட்டுநர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், சந்தோஷப்படுவார்கள்.

ஏறும் வழியில் பர்லியாரில் டீக்கு நிறுத்துவார்கள். வண்டி நின்ற பிறகும் டிரைவர் சாவியைத் திருப்பாமல் இன்ஜினை ஓடவிட்டபடி ஒன்றிரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தால், "டீசல் வீணாகுதே தம்பி" என்று அவரை அவசரப்படுத்தாதீர்கள். அனலாகக் கொதிக்கும் டர்போ அப்போதுதான் வேகம் தணிந்துகொண்டிருக்கும். உடனே அணைத்தால் எண்ணெய் ஓட்டம் நின்று, அச்சில் இருக்கும் எண்ணெய் அங்கேயே கருகிக் கரியாகிவிடும். அதற்குள் அவருக்கும் சேர்த்து ஒரு டீ சொல்லிவையுங்கள்.